ஒரு ஹிட் பாட்டும் இல்லாத கோ-பிட்வீன்ஸை இன்னும் ஏன் கேட்கிறோம்?

கேள்வி இதுதான்: ஆஸ்திரேலியாவின் ‘தி கோ-பிட்வீன்ஸ்’ குழு 1989-இல் கலைந்தது, 2000-இல் மறுபடி சேர்ந்தது, 2006-இல் முடிந்தே போனது. சொந்த நாட்டிலும் பிரிட்டனிலும் விற்பனைப் பட்டியலின் டாப் 40-க்குள் ஒரு பாட்டுகூட நுழையவில்லை. அப்படிப்பட்ட ஒரு ராக் குழுவை இன்றைக்கும் இத்தனை பேர் ஏன் நெஞ்சில் வைத்துக் கொண்டாடுகிறார்கள்? இளமைக்கால ஞாபகம்தானா, வேறு ஏதாவது உண்டா?

இளமைக்கால ஞாபகம் என்றால் என் கணக்கிலேயே அது உதைக்கிறது. எண்பதுகளில் எனக்கு இவர்கள் பெயர்கூடத் தெரியாது. நான் முதலில் கேட்டது 2005-இல் வந்த கடைசி ஆல்பத்தை. அங்கிருந்து ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் போனேன். இப்படித் தலைகீழாக வந்து சேர்ந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பிரிந்த குழுக்கள் திரும்பச் சேர்ந்தால் பழைய பாட்டைத்தான் கேட்கப் போவோம், புதுப் பாட்டு வரும்போது எழுந்து காபி வாங்கப் போவோம். இவர்கள் விஷயத்தில் அப்படி நடக்கவில்லை. சேர்ந்த பிறகு செய்த மூன்று ஆல்பங்களும் முந்தைய ஆறோடு ஒரே வரிசையில் நிற்கின்றன. காரணம் என்ன என்று கேட்டால் என் பதில் ஒன்றுதான்: இது முதலில் ஒரு நட்பு, அப்புறம்தான் ஒரு இசைக்குழு. இரண்டு நண்பர்கள் வருடக்கணக்கில் பாட்டாலேயே பேசிக்கொண்ட பேச்சு அது. நடுவில் பத்து வருடம் நின்றது, பிறகு தொடர்ந்தது. அந்தப் பேச்சை ஒட்டுக் கேட்கும் சுகத்துக்கு வயதாகவில்லை.

கொஞ்சம் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

ராபர்ட் ஃபார்ஸ்டர், கிராண்ட் மெக்லெனன் இருவரும் பிரிஸ்பேனில் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள். நாடக வகுப்பில் பழக்கமானார்கள். ஃபார்ஸ்டர் கிதார் வாசிப்பார், பாட்டு எழுதுவார். மெக்லெனனுக்கு எந்த வாத்தியமும் தெரியாது. அவர் சினிமாப் பைத்தியம், புத்தகப் பைத்தியம். “நாம் ஒரு குழு தொடங்கலாம், உனக்கு நான் பேஸ் கிதார் கற்றுக்கொடுக்கிறேன்” என்று ஃபார்ஸ்டர் கேட்டபோது மெக்லெனன் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு சம்மதித்தார். 1977 டிசம்பரில் குழு பிறந்தது. நன்றாக வாசிக்கிற ஆளைத் தேடிப் பிடிக்காமல், எந்த ஆளோடு மணிக்கணக்காகப் பேச முடிகிறதோ அந்த ஆளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்துக் குழு ஆரம்பித்திருக்கிறார். இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் மற்றதெல்லாம் வருகிறது என்று நினைக்கிறேன்.

அன்றைய பிரிஸ்பேன் இளைஞர்களுக்கு உகந்த ஊர் இல்லை. அது குயின்ஸ்லாந்து மாநிலத்தின் தலைநகரம். 1968 முதல் 1987 வரை அந்த மாநிலத்தை முதல்வராக ஆண்டவர் ஜோ பியெல்கே-பீட்டர்சன். 1977-இல் தெருவில் ஊர்வலம் போவதையே தடை செய்தார். இசை நிகழ்ச்சி நடக்கும் கூடத்துக்குள் போலீஸ் நுழைவது சாதாரணம். அந்த ஊரிலிருந்து கிளம்பிய ‘தி செயின்ட்ஸ்’ குழுவினர் 1976-இலேயே பங்க் என்ற கோபமான, முரட்டு ராக் முழக்கத்தைத் தொடங்கிவிட்டார்கள். கோபப்பட எல்லாக் காரணமும் இருந்த அந்த ஊரில், 1978-இல் கோ-பிட்வீன்ஸ் போட்ட முதல் தட்டின் ஒரு பக்கத்தில் லீ ரெமிக் என்ற ஹாலிவுட் நடிகை மேல் ஒரு காதல் பாட்டு. மறுபக்கத்தில் ‘கேரன்’ என்று நூலகத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணைப் பற்றிய பாட்டு. ஹெமிங்வே வேண்டும், ழெனே வேண்டும், பிரெக்ட் வேண்டும் என்று எந்த எழுத்தாளரைக் கேட்டாலும் புத்தகத்தை எடுத்துத் தருகிற பெண். அதை ஃபார்ஸ்டர் பக்திப் பாடல் மாதிரி உருகிப் பாடுகிறார். அந்தக் காலத்தில் அப்படிப் பாடுவதற்கு ஒரு தைரியம் வேண்டும்.

தங்கள் இசைக்கு அவர்களே ஒரு பெயர் வைத்தார்கள்: வரிவரியாக விழும் வெயிலின் ஓசை. பிரிஸ்பேனின் பழைய வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். மரக்கால்கள் மேல் தூக்கிக் கட்டிய மரவீடுகள், சுற்றிலும் வராந்தா, வராந்தாவை மறைக்க மரச்சட்டங்கள். மதியத்தில் அந்தச் சட்டங்களின் ஊடே வெயில் தரையில் கோடுகோடாக விழும். இவர்களுடைய கிதார் சத்தமும் அப்படித்தான். கனமாக, மொத்தமாக வந்து மோதாது. இடைவெளி விட்டு, மெல்லிய கீற்றுகளாக விழும். அந்த இடைவெளிகளில்தான் வார்த்தைகள் உட்கார்ந்திருக்கும்.

இப்போது ‘கேட்டில் அண்ட் கேன்’ பாட்டுக்கு வருகிறேன். மாடும் கரும்பும் என்று அர்த்தம். இந்தக் குழுவைப் பற்றி ஒரே ஒரு பாட்டை வைத்துப் பேசச் சொன்னால் இதைத்தான் எடுப்பேன். 1983-இல் வந்த ‘பிஃபோர் ஹாலிவுட்’ ஆல்பத்தில் இருக்கிறது. மெக்லெனன் இதை லண்டனில், ஆஸ்திரேலியப் பாடகர் நிக் கேவிடமிருந்து இரவல் வாங்கிய கிதாரில் எழுதினார். ஊரில் இருக்கும் அம்மாவுக்குப் பிடிக்கும்படி ஒரு பாட்டு எழுத வேண்டும் என்று நினைத்தாராம்.

மெக்லெனனின் தந்தை அவருடைய சிறுவயதிலேயே இறந்துவிட்டார். வட குயின்ஸ்லாந்தின் மாட்டுப் பண்ணையும் கரும்புக் காடும்தான் அவருடைய பிள்ளைப்பருவம்; படிப்புக்குப் பிரிஸ்பேனில் விடுதிப் பள்ளி. பாட்டில் முதலில் ஒரு பள்ளிக்கூடப் பையன் கரும்புத் தோட்டங்கள் வழியாக வீடு திரும்புகிறான். தகரமும் மரமும் கொண்டு கட்டிய வீடு. அடுத்து விடுதியில் வளர்ந்த பையன். அப்பாவின் கைக்கடிகாரத்தைக் குளியலறையில் மறந்து வைத்துத் தொலைத்துவிடுகிறான். அதற்கு மேல் ஒரு விளக்கமும் இல்லை, அழுகையும் இல்லை. அப்புறம் இன்னும் பெரிய, வெளிச்சமான ஓர் உலகம், புத்தகங்களின் உலகம். மூன்று கண்ணியில் ஒரு வாழ்க்கை முடிந்துவிடுகிறது.

ஆனால் ஏதோ ஒன்று கேட்பவரை நிம்மதியாக உட்கார விடாது. தாளம் போட்டுப் பாருங்கள், புரியும். ராக் பாட்டு என்றால் நான்கு நான்காகத் தொடையில் தட்டிக்கொண்டு போவோம். இதில் கை தடுக்கும். கண்ணியின் ஒவ்வொரு சுற்றும் ஐந்து, இரண்டு, நான்கு என்று பிரிந்து பதினோரு தட்டுகளாக ஓடுகிறது. ஒவ்வொரு முறையும் ஒரு படி குறைகிற மாதிரி, அடுத்த அடி கொஞ்சம் முன்னாலேயே வந்துவிடுகிற மாதிரி இருக்கும். ஞாபகம் இப்படித்தான் வரும், ஒழுங்காக வராது. ஒன்றின் நடுவில் இன்னொன்று குறுக்கே வந்து நிற்கும். இதைத் தடுமாறாமல் தாங்கிப் பிடிப்பது லிண்டி மோரிசனின் டிரம்ஸ். 1980-இல் குழுவில் சேர்ந்தவர். வேறு யார் வாசித்திருந்தாலும் இதை நேராக்கி, நான்குக்குள் அடக்கி, பாட்டைச் சாகடித்திருப்பார்கள் என்பது என் எண்ணம்.

கடைசியில் நடப்பதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். மெக்லெனன் தன் சொந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே வருகிறார். முடியும் தறுவாயில் வேறொரு குரல் உள்ளே வருகிறது. பாடுவதாக இல்லை, பேசுகிறது. அது ஃபார்ஸ்டர். தன்னுடைய ஞாபகங்களைத் தன் வரிகளில் சொல்கிறார். ஒருவருடைய பிள்ளைப்பருவத்துக்குள் நண்பரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, “உன்னுடையதைச் சொல்” என்று இடம் விட்ட மாதிரி. எனக்குத் தெரிந்து ராக் இசையில் இதற்கு இணையான ஒரு நட்புச் செயல் குறைவு. 2001-இல் ஆஸ்திரேலியப் பாடலாசிரியர்களின் உரிமை அமைப்பான ஏப்ரா எல்லாக் காலத்துக்குமான 30 சிறந்த ஆஸ்திரேலியப் பாடல்களைத் தேர்ந்தெடுத்தபோது இதுவும் அதில் இடம்பெற்றது. வெளிவந்து பதினெட்டு வருடம் கழித்து!

எண்பதுகளின் மீதிக் கதை பல குழுக்களின் கதை போலத்தான். கிளாஸ்கோவில் ‘போஸ்ட்கார்டு’, லண்டனில் ‘ரஃப் டிரேட்’ என்று கம்பெனி மாறிக் கம்பெனி மாறித் தட்டுப் போட்டார்கள். லண்டனில் காசில்லாத வருடங்கள். விமர்சகர்கள் எழுதித் தள்ளினார்கள், கடைகளில் விற்கவில்லை. 1986-இல் வயலினும் ஓபோ என்ற குழலும் வாசிக்கும் அமாண்டா பிரவுன் சேர்ந்தார். இசைக்குள் காற்றோட்டம் வந்தது. பிறகு ஆஸ்திரேலியா திரும்பி, சிட்னியில் இருந்து 1988-இல் ‘16 லவர்ஸ் லேன்’ செய்தார்கள். அதில் உள்ள ‘ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் யுவர் டவுன்’ பாட்டைத் தெரியாமலே பலர் கேட்டிருப்பீர்கள். கடற்கரை வெயில் மாதிரி பிரகாசமான மெட்டு. சும்மா முணுமுணுத்துக்கொண்டே போனால், நடுவில் இந்த ஊர் அடிபட்ட மனைவிமார்களால் நிறைந்திருக்கிறது என்று ஒரு வரி வரும். குரல் மாறாது, மெட்டும் மாறாது. பளிச்சென்று இருக்கும் ஊரைச் சுற்றிக் காட்டிக்கொண்டே கதவுக்குப் பின்னால் நடப்பதையும் சொல்லிவிட்டுப் போகிற பாட்டு. அதுவும் ஆஸ்திரேலிய விற்பனைப் பட்டியலில் முதல் ஐம்பதுக்குள் வரவில்லை.

1989 டிசம்பரில் கலைந்தார்கள். இந்த இடத்தை நான் பூசி மெழுக விரும்பவில்லை. கலைப்பது என்று இரண்டு ஆண்களும் தங்களுக்குள் முடிவு செய்துவிட்டு, பிறகுதான் லிண்டிக்கும் அமாண்டாவுக்கும் சொன்னார்கள். ஒரு காலத்தில் ஃபார்ஸ்டரும் லிண்டியும் ஜோடி. கலைந்த சமயத்தில் மெக்லெனனும் அமாண்டாவும் ஜோடி. அந்த உறவும் அதோடு முறிந்தது. இரண்டாயிரத்தில் ‘கோ-பிட்வீன்ஸ் திரும்பி வந்தார்கள்’ என்று சொன்னபோது திரும்பியவர்கள் ஃபார்ஸ்டரும் மெக்லெனனும் மட்டும்தான். பெண்கள் இருவரும் அழைக்கப்படவில்லை. இந்தக் குழுவின் கதையை இரண்டு நண்பர்களின் கதையாக மட்டும் சொல்லும்போதெல்லாம் லிண்டியின் கைகள் மறைந்துபோகின்றன. மேலே நானும் நட்பு நட்பு என்றுதான் எழுதியிருக்கிறேன். அது உண்மை, ஆனால் முழு உண்மை இல்லை. பழைய ஆல்பங்களைக் கேட்கும்போது ஒரு தடவையாவது பாட்டை விட்டுவிட்டு டிரம்ஸை மட்டும் கேளுங்கள். அந்த ஆறு ஆல்பங்களும் அவருடைய ஆல்பங்களும்தான்.

தொண்ணூறுகளில் ஆளுக்கு நான்கு தனி ஆல்பம் போட்டார்கள். நல்ல ஆல்பங்கள். ஆனாலும் ஒரு பக்கம் மட்டுமே பேசுகிற தொலைபேசிப் பேச்சைக் கேட்ட மாதிரி இருக்கும். மெக்லெனனின் தேன் மாதிரியான மெட்டுகளுக்கு நடுவில் ஃபார்ஸ்டரின் கோணலான, உரைநடை போன்ற பாட்டு ஒன்று குறுக்கே வர வேண்டும். ஃபார்ஸ்டரின் முறைப்புக்கு அடுத்து மெக்லெனனின் ஈரம் வர வேண்டும். ஒருவர் எழுதியதை மற்றவர் கேட்டு, “சரி, இதற்கு நான் என்ன செய்யப் போகிறேன்” என்று உள்ளுக்குள் ஒரு பந்தயம் ஓட வேண்டும். தனியாக இருந்தபோது அந்தப் பந்தயம் இல்லை.

1996-இல் பாரிஸில் ‘லே ஸான்ராக்கப்தீப்ள்’ என்ற பிரெஞ்சுப் பத்திரிகைக்காக மறுபடி மேடை ஏறினார்கள். அந்தப் பத்திரிகைக்கு இவர்கள் செல்லப்பிள்ளைகள். 1999-இல் தேர்ந்தெடுத்த பாட்டுகளின் தொகுப்பு ஒன்று வந்தது. அதை ஒட்டி இருவரும் ஊர் ஊராகப் போனார்கள். அந்தப் பயணத்தோடு பழைய பாட்டுகளைப் பாடிச் சம்பாதித்துவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. அமெரிக்காவில் ‘ஸ்லீட்டர்-கின்னி’ என்ற ராக் குழுவின் பெண்கள் இவர்களுடைய ரசிகைகள். அவர்களோடு போர்ட்லண்டில் உட்கார்ந்து 2000-இல் புது ஆல்பம் போட்டார்கள், ‘தி ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் ரேச்சல் வொர்த்’. இருவருக்கும் அப்போது நாற்பது தாண்டிவிட்டது. இருபது வயசு மாதிரி நடிக்கவில்லை. ஜெர்மனியில் ஒரு பண்ணை வீட்டில் கழித்த வருடங்களைப் பற்றி ஒரு பாட்டு, சர்ஃபிங் பத்திரிகைகளைப் புரட்டிக் கனவு கண்ட பள்ளி நாட்களைப் பற்றி ஒரு பாட்டு. 2003-இல் இன்னொரு ஆல்பம். எனக்கு அது கொஞ்சம் சாதாரணம்தான்.

2005-இல் வந்த ‘ஓஷன்ஸ் அபார்ட்’ அப்படி இல்லை. ‘16 லவர்ஸ் லேன்’ செய்த அதே தயாரிப்பாளர் மார்க் வாலிஸ் இதையும் லண்டனில் பதிவு செய்தார். பத்துப் பாட்டு, ஆளுக்கு ஐந்து. அந்த வருடம் ஆஸ்திரேலிய இசைத்துறையின் ஆரியா விருதும் கிடைத்தது. நான் உள்ளே நுழைந்தது இந்த வாசல் வழியாகத்தான். குறிப்பாக ஃபார்ஸ்டரின் ‘டார்லிங்ஹர்ஸ்ட் நைட்ஸ்’ பாட்டு. டார்லிங்ஹர்ஸ்ட் சிட்னியின் ஒரு பகுதி. எண்பதுகளில் பாட்டுக்காரர்களும் கலைஞர்களும் குடியிருந்த இடம். பாட்டின் தொடக்கத்தில் ஒரு பழைய நோட்டுப் புத்தகம் கையில் கிடைக்கிறது. திறக்கிறார். அந்த வருடங்களின் பெயர் எழுதியிருக்கிறது. பட்டென்று மூடிவிடுகிறார். மூடுவதற்குள் கண்ணீர் வெளியே குதித்துவிடுகிறது. அப்புறம் ஒவ்வொருவராக வருகிறார்கள்: அன்றைய நண்பர்கள், மட்டமான காபி, மட்டமான ஸ்பகெட்டி, விடியும்வரை பேசிய இரவுகள். குரலில் பெரிய உணர்ச்சி இல்லை, கணக்கு வாசிப்பது மாதிரிதான் சொல்கிறார். பின்னால் டிரம்பெட்டுகள் மெல்ல மெல்ல ஏறி, முடிவில் வார்த்தையெல்லாம் நின்ற பிறகும் அவை மட்டும் ஊதிக்கொண்டே போகின்றன. அந்த ஊரை நான் அப்போது பார்த்ததே இல்லை. ஆனாலும் முதல் தடவை கேட்டபோது என் ஹாஸ்டல் அறை, மாடிப்படி, காலி டீ கிளாஸ் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. பழைய ஞாபகத்தை வைத்துப் பிழைக்கிற பாட்டு வேறு, பழைய ஞாபகம் மனிதனை என்ன செய்கிறது என்று காட்டுகிற பாட்டு வேறு. இது இரண்டாவது வகை. இருபத்தைந்து வயதில் இதை எழுதியிருக்கவே முடியாது. மீண்டும் சேர்ந்ததால் மட்டுமே பிறந்த பாட்டு.

அந்த ஆல்பம் வந்த மறு வருடம், 2006 மே 6-ஆம் தேதி, மெக்லெனன் இறந்துபோனார். பிரிஸ்பேனில் அவர் வீட்டில் அன்று மாலை ஒரு விருந்து ஏற்பாடாகியிருந்தது. மதியம் கொஞ்சம் படுக்கிறேன் என்று போனவர் தூக்கத்திலேயே போய்விட்டார். மாரடைப்பு. வயது 48. விருந்துக்கு வந்தவர்கள் துக்கத்துக்கு வந்தவர்களாக ஆனார்கள். ஃபார்ஸ்டர் குழு முடிந்துவிட்டது என்று அறிவித்தார். வேறொருவரைச் சேர்த்துக்கொண்டு அதே பெயரில் இன்றுவரை மேடை ஏறவில்லை. ரசிகர்கள் இவர்கள் மேல் வைத்திருக்கும் மரியாதைக்கு இதுவும் ஒரு காரணம்.

2008-இல் ஃபார்ஸ்டர் தனியாகப் போட்ட ஆல்பத்தில் மூன்று பாட்டுகள் மெக்லெனன் விட்டுச் சென்றவற்றிலிருந்து முடித்தவை. ‘டீமன் டேஸ்’ அதில் ஒன்று. நண்பரின் மெட்டை, நண்பர் இல்லாமல், தன் குரலில் பாடுகிறார். ‘கேட்டில் அண்ட் கேன்’ கடைசியில் தனக்கு விட்ட இடத்தில் பேசிய அதே குரல்.

அவர்கள் பாட்டுக்கு இடம் தராத பிரிஸ்பேன் நகரமே பிறகு மனம் மாறியது. ஆற்றின் குறுக்கே புதுப் பாலம் கட்டியபோது பெயர் வைக்க மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். 2010-இல் திறந்த அந்தப் பாலத்தின் பெயர் கோ பிட்வீன் பாலம். இந்தக் கரையையும் அந்தக் கரையையும் சேர்க்கிற ஒன்றுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. இடைத்தூது போகிறவர் என்பதுதான் அந்தச் சொல்லின் அர்த்தம். 2015-இல் ஆரம்ப வருடங்களின் பாட்டுகளைச் சேர்த்துப் பெரிய பெட்டித் தொகுப்பு வந்தபோது, முதலில் பதிவு செய்து வாங்கியவர்களுக்கு மெக்லெனனின் சொந்தப் புத்தக அலமாரியிலிருந்து ஆளுக்கொரு புத்தகம் வைத்து அனுப்பினார்கள். நூலகப் பெண்ணைப் பற்றிய பாட்டில் தொடங்கிய குழு அது. உலகத்தில் எங்கெங்கோ இருக்கும் வீடுகளில் இன்று அவர் படித்த புத்தகம் ஒவ்வொன்று இருக்கிறது.

புதிதாகக் கேட்க நினைப்பவர்கள் வரிசைப்படி முதல் ஆல்பத்தில் ஆரம்பிக்க வேண்டாம்; அது கரடுமுரடானது, பழகிய பிறகு பிடிக்கும். ‘16 லவர்ஸ் லேன்’ முதலில். அடுத்து நேராக ‘ஓஷன்ஸ் அபார்ட்’. நடுவில் பதினேழு வருடம் இருக்கிறது என்று சொன்னால்தான் தெரியும். அதற்குப் பிறகு ‘பிஃபோர் ஹாலிவுட்’ கேளுங்கள், இரவில், ஹெட்போனில். இன்னொன்றும் இருக்கிறது: 2005-இல் பிரிஸ்பேன் டிவோலி அரங்கில் நடந்த கச்சேரியின் டிவிடி. கச்சேரி நன்றாக இருக்கும். ஆனால் நான் அடிக்கடி போட்டுப் பார்ப்பது அதோடு சேர்த்துத் தந்திருக்கும் இன்னொரு பகுதியை. மேடை இல்லை, கூட்டம் இல்லை. இருவரும் ஆளுக்கொரு கிதாரோடு உட்கார்ந்து, எந்தப் பாட்டு எப்படி வந்தது என்று சொல்லிச் சொல்லி வாசிக்கிறார்கள். ஒருவர் பாடும்போது மற்றவருடைய முகத்தைப் பாருங்கள்.